நிவாரணத்தில் முதல் வரிசை... திட்டமிடலில் எந்த வரிசை?

(மேலப்பாளையத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

    

இந்தக் கூட்டத்திற்கு என்ன தலைப்பு என்று கேட்டவர்களிடம், "மாறி வரும் பருவநிலையும் நமது நகரத் திட்டமும்" என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். "இதெல்லாம் படித்த அதிகாரிகள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. கடை வைத்திருக்கிறவனுக்கும் பீடி சுற்றுகிறவனுக்கும் இதில் என்ன வேலை?" என்று கேட்டார்கள்.

அவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு தேதிதான். 2023 டிசம்பர் 17.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நம்மில் யார் மறந்திருக்கிறோம்? குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சி நகராமல் நின்றது. மழை கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது, ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது!

தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடியது. வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் மூழ்கின. சந்திப்பு ரயில் நிலையத்தில் தண்டவாளம் தெரியவில்லை. மக்கள் மனுக் கொடுக்கப் போகிற கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலும் தண்ணீர். ஏரல் கடைவீதியில் வணிகர்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த சரக்கு சேறாகிப் போனது. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி கிராம மக்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும் நேரத்தில், சமைத்துப் போட்டார்கள்.

நம் இளைஞர்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தளவு தண்ணீரில் முதியவர்களைத் தோளில் சுமந்தார்கள். பள்ளிவாசல்களில் உலை வைத்தார்கள். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் நாட்கணக்கில் தங்கி, உண்டு, உறங்கினார்கள் என்று நாளேடுகள் எழுதின. யார் என்ன மதம் என்று தண்ணீரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகளும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை வல்ல இறைவன் ஏற்றுக்கொள்வானாக!

இன்னொரு வருகைப் பதிவேடு

இப்போது ஒரு கசப்பான கேள்வி.

வெள்ளம் வந்தால் முதல் வரிசையில் நிற்கிறோம். சரி. வெள்ளம் வருமுன் நடக்கிற கூட்டங்களில் எந்த வரிசையில் இருக்கிறோம்?

எந்தத் தெருவில் வாறுகால் போடுவது, அது எங்கே போய்ச் சேர வேண்டும், எந்தக் குளத்தைத் தூர்வாருவது, எந்தப் பள்ளிக்கூடம் நிவாரண முகாம், எந்தச் சாலையை உயர்த்துவது, உயர்த்தினால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்று தீர்மானிக்கிற நாளில் நம்மில் எத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

படகு ஓட்ட நூறு பேர் வருகிறோம். வரைபடம் பார்க்க ஒருவரும் போவதில்லை. சோறு பொங்க ஆயிரம் ரூபாய் தருகிற வணிகர், பகுதி சபைக் கூட்டத்திற்கு அரை மணி நேரம் தருவதில்லை. இதுதான் நமது நிலை. இதைச் சொல்வதற்காகத்தான் நான் வந்தேன்.

2023 டிசம்பரில் எச்சரிக்கை எப்போது வந்தது, சரியாக வந்ததா என்று மத்திய அரசும் மாநில அரசும் வாதாடிக்கொண்டன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அதை வாங்கினோம். பிறகு மறந்தோம். மழை மறக்குமா?

ஒருமுறை வந்த விருந்தாளி அல்ல

"ஆயிரத்தில் ஒரு மழை, இனி வராது" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 1992 நவம்பரில் இதே ஆறு ஊருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். 1869ஆம் ஆண்டு வெள்ளத்தில் சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பகுதியே உடைந்து போயிருக்கிறது. ஆறு தன் வழியை ஒருநாளும் மறந்ததில்லை.

ஆனால் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. கடல் சூடாகிறது. காற்றும் சூடாகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கிக்கொள்கிற நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்கிறது அறிவியல். அப்படிச் சுமந்த தண்ணீரை, சந்தர்ப்பம் வாய்த்தால், ஒரே இடத்தில் ஒரே இரவில் இறக்கிவிடுகிறது. பத்து நாள் பெய்ய வேண்டியது ஒரு நாளில் பெய்கிறது. பிறகு பல மாதம் பெய்வதில்லை. வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு ஒரே ஆண்டில் பார்த்துவிடுகிறது.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடிக்கிற நாளில், தகரக் கூரைக்குக் கீழே முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற சகோதரிக்கு மின்விசிறிகூட அனல்தான் வீசும். அவளுக்கும் ஒரு திட்டம் வேண்டும்.

தண்ணீருக்கு நாம் வைத்த பூட்டு

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் நம் ஆறு, சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மலையிலிருந்து கடல் இவ்வளவு பக்கம். அதனால்தான் மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள் இருக்கின்றன. ஆனால் அணைக்குக் கீழே பெய்கிற மழையை எந்த அணை பிடிக்கும்? அதைப் பிடித்து வைக்க நம் முன்னோர் வேறொரு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய். கால்வாயிலிருந்து குளம். ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த குளம். கடைசிக் குளமும் நிறைந்த பிறகுதான் மிச்சம் ஆற்றுக்கு. ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்க் குடிமராமத்துச் செய்தார்கள். அதற்கு யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை. ஆனால் இன்று உலகம் பேசுகிற "மக்கள் பங்கேற்பு" அதுதான்!

இன்று என்ன ஆயிற்று? பழவூர் அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு நம் மேலப்பாளையத்தைத் தொட்டுப் பாளையங்கோட்டைக்குப் போகிற பாளையங்கால்வாயைப் போய்ப் பாருங்கள். அமலைச்செடி, பிளாஸ்டிக், சாக்கடை. நம் பாட்டிமார் அதில் துணி துவைத்தார்கள் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

வேய்ந்தான்குளத்தில் புதிய பேருந்து நிலையம் எழுந்தது. குளத்தில் பேருந்து நின்றால், மழையில் தண்ணீர் எங்கே நிற்கும்? நயினார்குளக் கரையில் காய்கறி மொத்தச் சந்தைக்குத் தினமும் போகிற வணிகர்களே, அந்தக் குளத்தின் மறுகால் எங்கே போகிறது என்று என்றாவது எட்டிப் பார்த்ததுண்டா?

தாமிரபரணியில் கலக்கும் கழிவு பற்றிய வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் 2024 நவம்பரில் நேரில் வந்து பார்த்தார்கள். மதுரையிலிருந்து நீதிபதிகள் வந்து பார்க்கிறார்கள். மாடியில் நின்றாலே ஆறு தெரிகிற நாம் பார்ப்பதில்லை!

முதல் குற்றவாளி நானே

மற்றவர்களைச் சொல்வது எளிது. என் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சந்திப்புப் பகுதியில் எனக்கு ஒரு சின்னத் துணிக்கடை. கடைக்கு முன்னால் வாறுகால் ஓடுகிறது. வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடமில்லையே என்று, வாறுகாலின் மேல் நீளமாக சிமெண்ட் பலகை போட்டேன். தூக்க முடியாதபடி பூசியும் விட்டேன். துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அப்போதே சொன்னார்: "பாய், நடுவுல ஒரு திறப்பு விடுங்க. கம்பி விட்டுக் குத்த முடியாது." நான் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரும் என்னைப் பார்த்துப் போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் போட்டார்.

அன்றிரவு தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வரும் என்று கதவுக்கு மணல்மூட்டை வைத்தேன். அது வந்ததோ பின்புறத்திலிருந்து, என் பலகைக்கு அடியில் அடைத்துக்கொண்ட அதே வாறுகாலிலிருந்து. பொங்கலுக்கு இறக்கியிருந்த சரக்கில் கீழ் இரண்டு தட்டும் போயிற்று. இன்சூரன்ஸ் போட்டிருக்கவில்லை. போனது போகட்டும். என் கடைக்குப் பின்னால் குடியிருந்த ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குள்ளும் அந்தத் தண்ணீர்தான் போனது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இப்போது அந்தப் பலகையை உடைத்து, தூக்கி எடுக்கிறபடி துண்டு துண்டாகப் போட்டிருக்கிறேன். ஒரு கடைக்காரன் திருந்தினால் ஒரு கடைதான் திருந்தும். தெரு திருந்த வேண்டுமானால் தெரு கூடிப் பேச வேண்டும். அதைத்தான் நகரத் திட்டம் என்கிறோம்.

நாற்காலி காலியாகக் கிடக்கிறது

"நம்மை யார் கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். சட்டம் கூப்பிடுகிறது!

1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டே, 1994இல், நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து நம் மாநகராட்சி உருவானது. 2011 கணக்கெடுப்பின்படியே ஏறத்தாழ நான்கே முக்கால் லட்சம் மக்கள். 55 வார்டுகள்.

தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், கூட்டங்கள் தொடங்கின. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரும் பகுதி சபையின் உறுப்பினர். மாமன்ற உறுப்பினர்தான் வார்டு குழுவின் தலைவர். கிராமத்தில் கிராம சபைக்கு உள்ள இடம் நகரத்தில் இதற்கு. இதில் பேச நீங்கள் கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. பட்டதாரியாகவும் இருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் வாக்காளராக இருந்தால் போதும்.

இன்னொன்று. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஓர் இயக்கம் இருக்கிறது. அதற்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரே. திங்கட்கிழமை குறைதீர் நாளில் பட்டா கேட்கவும் உதவித்தொகை கேட்கவும் போகிற நாம், "எங்கள் தெருவுக்கான வெள்ளத் திட்டம் என்ன?" என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

பகுதி சபை குறையில்லாத அமைப்பு என்று நான் சொல்லவில்லை. கூட்டம் நடந்ததே பலருக்குத் தெரிவதில்லை. சொன்ன கோரிக்கை என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்பவன் இல்லாத கூட்டம் அப்படித்தான் நடக்கும். நாற்காலி காலியாகக் கிடந்தால் அதில் தூசிதான் உட்காரும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

குஜராத்தின் சூரத் நகரம் நம்மைப் போலவே அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிற வணிக நகரம். 2006 ஆகஸ்டில் உகாய் அணையிலிருந்து திறந்த தண்ணீர் நகரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. ஜவுளியும் வைரமும் சேற்றில் கிடந்தன. அந்த ஊர் வணிகர்கள் நிவாரணம் கேட்டதோடு நிற்கவில்லை. அவர்களின் வர்த்தக சங்கமும் மாநகராட்சியும் நீர்ப்பாசனத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. மலையில் மழை பெய்யும்போதே, அணைக்கு எவ்வளவு வரும், எவ்வளவு திறக்க வேண்டும், எந்தப் பகுதி மூழ்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் அறக்கட்டளையும் அமைத்தார்கள். வணிகர் சங்கம் அதில் பங்காளி.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் மகேவா என்று ஒரு வார்டு. தாழ்ந்த பகுதி, ஏழைகள் வாழும் இடம். மழை வந்தால் தண்ணீர் வடியாமல் நிற்கும்; கொசு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு அந்த வார்டு மக்களே குழுக்கள் அமைத்தார்கள். எந்த வாறுகால் எங்கே அடைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வீடு வீடாகக் குப்பையைச் சேகரித்து, அது வாறுகாலுக்குள் விழாமல் தடுத்தார்கள். பிறகு தங்கள் திட்டத்தோடு மாநகராட்சிக் கதவைத் தட்டினார்கள். ஒரு வார்டால் முடிந்தது.

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர்ப் புயலில் குறைந்தது 3 லட்சம் உயிர்கள் போன நாடு அது. அதன் பிறகு அங்கே ஊர் ஊராகத் தொண்டர் படை அமைத்தார்கள். இன்று 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். கொடி ஏற்றுகிறார்கள்; கையில் ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போகிறார்கள்; பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். 2020 மே மாதம் ஆம்பன் என்ற பெரும்புயல் தாக்கியபோது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு போனார்கள். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். லட்சங்கள் எங்கே, பத்துகள் எங்கே! புயல் இளகிவிடவில்லை. மக்கள் தயாராக இருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய ஐந்து வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: தெரு வரைபடம். இது இளைஞர்களின் வேலை. 1992இல் தண்ணீர் எந்தச் சுவர் வரை நின்றது, 2023இல் எந்தச் சுவர் வரை வந்தது, எந்தப் பக்கமிருந்து நுழைந்தது, எத்தனை நாளில் வடிந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். சுவரில் கோடு போட்டு ஆண்டு எழுதுங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையான முதியவர், எந்த வீட்டில் கர்ப்பிணி, யாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ், யார் தனியாக இருக்கிறார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதைக் கண்ட இடத்தில் ஒட்டாதீர்கள். பொறுப்பானவர்களிடம் மட்டும் கொடுத்து வையுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தேடித் திரியாமல் நேராக அந்தக் கதவைத் தட்ட இது உதவும்.

இரண்டு: பகுதி சபை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் அறிவியுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். வரைபடத்தோடு எழுத்தில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நகலோடு எழுந்து நில்லுங்கள். கோபம் வேண்டாம், ஞாபகம் போதும்.

மூன்று: வணிகர்கள். வாறுகால் மேல் போட்ட பலகையைத் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். கடைக் குப்பையை இரவில் கால்வாயில் கொட்டுகிறவர் நம் சங்க உறுப்பினராக இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். மழை மாதங்களில் சரக்கை இடுப்புக்கு மேல் ஏற்றுங்கள். வெள்ளத்துக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். இன்னொரு வேண்டுகோள். ஜகாத்தை நான் சொல்லவில்லை. அதற்கு உரியவர்கள் வேறு. நீங்கள் மனமுவந்து தரும் நன்கொடையில் ஒரு பங்கைப் பாயும் போர்வையும் வாங்க மட்டும் வைக்காமல், கயிறு, மிதவை, பேட்டரி விளக்கு, ஒலிபெருக்கிக்கு பேட்டரி வாங்க ஒதுக்குங்கள்.

நான்கு: எச்சரிக்கைச் சங்கிலி. ஆறு மேலேயிருந்து கீழே வருகிறது. ஆற்றின் இரு கரையிலும் அதை ஒட்டியும் நமக்கு ஊர்கள் இருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் தண்ணீர் ஏறினால் பத்தமடைக்கும் மேலப்பாளையத்துக்கும் தெரிய வேண்டும். இங்கே ஏறினால் செய்துங்கநல்லூருக்கும் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் காயல்பட்டினத்துக்கும் தெரிய வேண்டும். 2023இல் மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. எனவே போனை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி ஒவ்வொரு பள்ளிவாசலிலும் இருக்கட்டும். கோயில் நிர்வாகிகளிடமும் தேவாலயத்தாரிடமும் போய் இதையே சொல்லுங்கள். ஆனால் ஒன்று, வதந்தி வேண்டாம். "அணை உடைந்துவிட்டது" என்று ஒருவன் அனுப்பும் ஒரு வரி, தண்ணீரைவிட அதிகம் பேரை மிதிபட வைக்கும். வருவாய்த்துறை, காவல்துறை உறுதிப்படுத்திய செய்தியை மட்டுமே மைக்கில் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று இப்போதே ஒருவரை நியமியுங்கள்.

ஐந்து: தாய்மார்கள். இதைக் கடைசியாகச் சொல்வதால் சின்னது என்று எண்ணாதீர்கள். வாசலில் தண்ணீர் ஏறுவதை முதலில் பார்ப்பது யார்? பகலில் வீட்டில் இருப்பது யார்? குடிதண்ணீர் எத்தனை குடம் மிச்சம், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது யாருக்கு? ஆண்கள் கடையில், வெளியூரில், வளைகுடாவில். தெருவை அறிந்தவர்கள் அவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் திட்டம் பாதி எழுதிய திட்டம். பகுதி சபையில் அவர்கள் பேச வேண்டும். பட்டியல் எடுக்கும் குழுவில் அவர்கள் இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

நம் தெருத் தண்ணீரை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுவது திட்டம் ஆகாது. மேட்டுத் தெருக்காரர் சாலையை உயர்த்தினால் பள்ளத்தெருக்காரர் மூழ்குவார். அந்தப் பள்ளத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஏழை. அவர் எந்தச் சமுதாயமாக இருந்தாலும், அவர் வீட்டு வாசலையும் சேர்த்துத்தான் நம் வரைபடம் வரைய வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு "ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு" என்று ஒரு குரல் எழும். ஆற்றோரக் குடிசைகளை முதலில் நோக்கும். நீர்வழியில் வீடு இருக்கக்கூடாது, உண்மைதான். ஆனால் குளத்தில் பேருந்து நிலையம் கட்டியது குடிசைவாசியா? கால்வாய்க்கு முகம் திருப்பி மாடிக் கட்டடம் எழுப்பியவர் யார்? அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். ஏழையை நகர்த்த வேண்டுமானால், எங்கே, எப்போது, பிழைப்புக்கு என்ன வழி என்று அவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு நகர்த்துங்கள் என்று நாம்தான் கேட்க வேண்டும். வேறு யார் கேட்பார்கள்?

அந்தப் பாலம்

முடிக்கிறேன். நம் ஊரின் நடுவில் நிற்கிறதே, சுலோசன முதலியார் பாலம். 1843க்கு முன் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே படகுதான். ஆற்றில் வெள்ளம் வந்தால் இந்தக் கரை இங்கே, அந்தக் கரை அங்கே. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார், அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் தன் சொந்தச் செல்வத்தைப் போட்டுப் பாலம் கட்ட வைத்தார். 1869 வெள்ளத்தில் அது உடைந்தது. 1871இல் திரும்பக் கட்டினார்கள். இன்றும் அதன் மேல்தான் நாம் போய் வருகிறோம். 2023 வெள்ளத்திலும் அது நின்றது.

யூசுப் நபியின் வரலாறு நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். ஏழு ஆண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து, ஏழு ஆண்டுப் பஞ்சத்தை ஒரு நாடு கடந்தது. பஞ்சம் வந்த பிறகு அவர் களஞ்சியம் கட்டவில்லை.

இளைஞர்களே! நீந்தத் தெரிந்த உங்கள் கைகளுக்கு எழுதவும் தெரியும். வணிகர்களே! கொடுத்துப் பழகிய உங்கள் கைகள் கேள்வி கேட்கவும் உயரட்டும். அடுத்த வெள்ளத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள் என்று பெருமைப்படுவதைவிட, தூக்க வேண்டிய நிலையே எத்தனை பேருக்கு வராமல் போயிற்று என்று கணக்குப் பார்க்கிற நாள் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.

நாளை காலை கடை திறக்கும்போது முதல் வேலையாக உங்கள் வாறுகாலைக் குனிந்து பாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.